பந்தைப் பார்க்காத வீடியோ

தொண்ணூறுகளோட ஆரம்பத்துல, மலேசியாவுல மெர்லிமாவ் பக்கம் ஒரு எஸ்டேட்ல நான் லாரி ஓட்டிக்கிட்டிருந்தேன். தீபாவளி முடிஞ்சதும் சுத்துப்பட்டு எஸ்டேட்டுங்களுக்குள்ள காற்பந்துப் போட்டி நடக்கும். வருஷா வருஷம் நான்தான் ரெஃப்ரி. என் விசிலுக்கு அப்படியொரு மரியாதை. புருஷன் பெண்டாட்டி சண்டைன்னாக்கூட "ரெஃப்ரியைக் கூப்பிடு"ன்னுதான் சொல்வாங்க.

அந்த வருஷம் பார்த்து, டவுன்லேருந்து ஒரு கல்யாண வீடியோக்காரரைக் கூட்டிட்டு வந்துட்டாங்க. தோள்ல கேமராவோட வந்து இறங்கினாரு பாருங்க, அவ்வளவுதான். முதல் கிளாஸ் மைலோ அவருக்கு, நிழல்ல நாற்காலி அவருக்கு. கொளுத்துற வெயில்ல ஓடுறவன் நான், பேரு அவருக்கா? பொய் சொல்ல மாட்டேன், எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது.

இறுதி ஆட்டம் எங்க எஸ்டேட்டுக்கும் பக்கத்து எஸ்டேட்டுக்கும். அவங்க ஒரு கோல் முன்னால. கடைசி நிமிஷத்துல எங்க ஆளு ஒருத்தன் ஓங்கி உதைச்சான். பந்து மேல் கம்பத்துல பட்டு, நேரா கீழ கோட்டு மேலயே விழுந்துச்சு. அவங்க கோல்கீப்பர் பாய்ஞ்சு அமுக்கிட்டான். நான் பக்கத்துலதான் நின்னேன். கோடு தாண்டல. கோல் இல்லைன்னு கையை ஆட்டி, ஆட்டத்தை முடிச்சுட்டேன்.

எங்க ஆளுங்களே என்னைச் சூழ்ந்துக்கிட்டாங்க. பக்கத்து எஸ்டேட்லதான் எனக்கு மாமியார் வீடு. அதையும் இழுத்தாங்க. "கண்ணு அவிஞ்சு போச்சாலா? வீடியோவைப் போடு! கோலுன்னு தெரிஞ்சா இனிமே நீ விசிலைத் தொடக்கூடாது!"

கோயில் மண்டபத்து டிவியில டேப்பைப் போட்டாங்க. எங்க ஆளு ஓடுறான், காலைத் தூக்குறான்... பட்டுன்னு படம் அவன் அம்மா முகத்துக்குத் திரும்பிடுச்சு! தாலி கட்டுற நேரத்துல பெண்ணோட அம்மா முகத்தைப் பிடிச்சுப் பிடிச்சு அந்த மனுஷனுக்கு அதே பழக்கம். பந்தையே காணோம்.

அவன் அம்மா, அந்த அக்கா, எப்பவும் கோல் கம்பத்துக்குப் பக்கத்துலதான் குடையோட உட்காருவாங்க. டிவியில, பாதி எழுந்து வாயைத் திறந்தாங்க. அடுத்த நொடியே தலையில அடிச்சுக்கிட்டு தொப்புன்னு உட்கார்ந்துட்டாங்க.

மண்டபமே திரும்பி அக்காவைப் பார்த்துச்சு. அவங்க, "கோடு தாண்டலதான்லா. பெத்த பிள்ளைக்கு எதிரா பொய்யா சொல்வேன்?"ன்னாங்க.

என் மானம் தப்பிச்சுது. ஆனா கைதட்டு யாருக்கு? என்னை ஏசுன அதே ஆளுங்க, "எப்படிப் பிடிச்சிருக்காரு பாரு!"ன்னு வீடியோக்காரரைத் தூக்கி வச்சு ஆடுனாங்க. பந்தை ரெண்டு கண்ணாலயும் பார்த்தவன் நான்! கடுப்புல வெளியே போய் லாரிக்கிட்ட நின்னுக்கிட்டேன்.

கொஞ்ச நேரத்துல அவரே தலையைச் சொறிஞ்சுக்கிட்டு வந்தாரு. "அண்ணே, நான் பந்தைப் பிடிக்கவே இல்ல. நீங்க சொன்னப்பவே சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்"ன்னு சொல்லி, அவருக்குக் கொடுத்த மைலோவை என் கையில வச்சாரு. சே, நிம்மதியாப் பொறாமைப்படக்கூட விடல!

இப்பல்லாம் பெரிய ஆட்டத்துலயே ரெஃப்ரி டிவியைப் பார்க்க ஓடுறாரு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழைய எரிச்சல் திரும்ப வரும். டேப்பு ஓடுறதுக்கு முன்னாலயே என் கண்ணை நம்புன ஒரே ஆளு அந்த வீடியோக்காரர்தாங்கிற நினைப்பும் கூடவே வரும்.