செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தவர்

தோவாளைப் பக்கம் குளத்தை ஒட்டிப் போட்ட சாலைக்கரையில் மண் சரிகிறதா என்று பார்க்க நாங்கள் சென்சார்கள் புதைத்திருந்தோம். அவற்றுக்குக் காவல் இருந்தவர் ஒல்லியான மனிதர். நரைத்த மீசை, கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு. மயிரிழை அசைவையும் அவை காட்டிவிடும் என்று நான் ஒருநாள் சொன்னதிலிருந்து, கரையில் ஏறும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிடுவார். எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது.

தினமும் காலை ஆறு மணிக்குக் கம்ப்யூட்டரில் சென்சார் அளவைக் காட்டும் கோடு லேசாகச் சரிந்தது. அவர் சுற்றி வருகிற நேரம் அதுதான். கூப்பிட்டுக் கேட்டேன்.

"செருப்பக் கழத்திட்டுதான் சார் நடக்கேன். அப்பமும் அதுக்குத் தெரிஞ்சிட்டா?"

"தெரியுதே."

குனிந்து தன் காலைப் பார்த்தார். "அப்பம் நாந்தான் சார்," என்றார்.

'காவலாளியால் இடையூறு' என்று அறிக்கையில் எழுதி, ஆறு மணி அளவுகளை அழித்தேன். அதைப் பார்த்து, அவரைக் காவலுக்கு வைத்திருந்த ஒப்பந்தக்காரர் அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்.

மறுவாரமும் ஆறு மணிக்குக் கோடு சரிந்தது. விடியக்காலையில் போய் நின்று பார்த்தேன். வயலுக்குத் தண்ணீர் விட அந்த நேரத்தில்தான் குளத்து மடையைத் திறந்தார்கள். குளத்தில் தண்ணீர் இறங்க இறங்கக் கரை அசைந்திருக்கிறது.

அழித்த அளவுகளைத் திரும்பச் சேர்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவருடைய போன் நம்பரை மட்டும் யாரும் வாங்கி வைத்திருக்கவில்லை. தன் காலால்தான் கரை அசைந்தது என்று நம்பிக்கொண்டே போனவர் அவர். இப்போது எந்த சைட்டில் இருக்கிறாரோ, அங்கேயும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடப்பார்.