வியாழன் பின்னேரம்

கிருசாந்தினி ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்துக் கோப்பாயிலிருந்து இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்தவள். இப்போது முப்பத்து நான்கு. காலையில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. பின்னேரங்களில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு வழிகாட்டி. ஊருக்குப் பயன்படும் ஒரு வேலையை மாணவர்கள் தாங்களே திட்டமிட்டு, தாங்களே நடத்தி முடிக்க வேண்டும். அதற்குப் பாடப் புள்ளிகள் உண்டு. ஆண்டுக்கு ஒரு குழு அவளிடம் வரும்.

குழுவிடம் அவள் கேள்விதான் கேட்பாள். பதில் சொல்லமாட்டாள். பிழை விட்டு, அதிலிருந்து எழும்பினால்தான் ஒரு காரியத்தை முன்னின்று நடத்தும் துணிவு வரும் என்று நம்பினாள். அவளுக்கு அப்படித்தான் வந்தது. வதிவிட அனுமதிக்காக அம்மா குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்துக்குப் போகும்போதெல்லாம், பதினொரு வயதிலேயே கூடப் போய் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்களோடு கதைத்தவள் அவள்தான்.

இந்த ஆண்டுக் குழுவில் ஆறு பேர். தலைவியாக மொனிகாவைத் தெரிந்தெடுத்திருந்தார்கள். தாதியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு. மன்னார்க் குடும்பம், ஆனால் பிறந்தது இங்கேதான். வீடுகளில் தங்கி வயோதிபர்களைப் பராமரிக்கும் பெண்களுக்கு ஓர் இலவச மருத்துவப் பரிசோதனை. அதுதான் அவர்களின் திட்டம். மாதா கோவில் மண்டபம் கிடைத்தது, ஒரு டொக்டரும் வரச் சம்மதித்தார். நாள், சனிக்கிழமை காலை பத்து மணி.

அவர்கள் நீட்டிய திட்டத் தாளைப் பார்த்தவுடனேயே கிருசாந்தினிக்கு விளங்கிவிட்டது. தங்கி வேலை செய்பவர்களுக்கு லீவு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான். சனியன்று யார் வரப்போகிறார்கள்?

“இந்த நாளை யாரிட்டக் கேட்டு முடிவெடுத்தனீங்கள்?” என்று மட்டும் கேட்டாள்.

“நாங்கள் ஆறு பேரும் ஃப்ரீ அக்கா, டொக்டரும் ஃப்ரீ,” என்றாள் மொனிகா.

கிருசாந்தினி தலையாட்டிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை மேசைகள் போட்டு, இரத்த அழுத்தக் கருவிகளை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு ஆறு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பதினொன்றரைக்கு ஒரேயொரு பெண் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். பக்கத்து நகரான பகேரியாவில் ஒரு சின்யோராவை, வயதான இத்தாலிய அம்மாவை, வீட்டில் தங்கிப் பார்க்கும் அருள்நாயகி. ரயில் பிடித்து வந்திருந்தார். அழுத்தம் மிகவும் கூடுதல் என்று டொக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார். வேறு யாரும் வரவில்லை.

பிள்ளைகளின் முகங்களைப் பார்க்க கிருசாந்தினிக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும், இதை மறக்கமாட்டார்கள் என்று உள்ளுக்குள் ஒரு திருப்தியும் இருந்தது.

திங்கட்கிழமை மொனிகா அலுவலக வாசலுக்கே வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது.

“அருள்நாயகி அன்ரி நேற்றுப் பூசைக்கு வரேல்லை. அம்மா போன் பண்ணிக் கேட்டவ. சனிக்கிழமை ரெண்டு மணித்தியாலம் வேலையை விட்டிட்டு வந்ததுக்கு சின்யோராவின்ர மகள் ஞாயிறு லீவை வெட்டிப்போட்டாவாம்.”

கிருசாந்தினி கைப்பையைக் கீழே வைத்தாள்.

“உங்கட அம்மாவும் வீடுகளில வேலை செய்தவதானே. சனிக்கிழமை சரிவராதெண்டு உங்களுக்குத் தெரியும். என்னக்கா?”

“ஓம். தெரியும்.”

“பிறகு ஏன் சொல்லேல்லை? பிழை விட்டது நாங்கள். படிச்சதும் நாங்கள். ஞாயிறு போனது அன்ரிக்கு.”

கிருசாந்தினி வாசல் படியில் உட்கார்ந்து, மொனிகாவின் கையைப் பிடித்துத் தன்னருகே இருத்தினாள்.

“நான் விட்ட பிழை இது, மொனிகா. உம்மில இல்லை. அன்ரியிட்டப் போய்ச் சொல்லவேணும். நீரும் வாறீரோ?”

வியாழக்கிழமை பின்னேரம் இருவரும் பகேரியாவுக்கு ரயில் ஏறினார்கள். நிலையத்திற்கு எதிரே இருந்த வாங்கில் அருள்நாயகி, தன்னைப்போலத் தங்கி வேலை செய்யும் நாலைந்து பெண்களோடு அமர்ந்திருந்தார். கிருசாந்தினி முழுவதையும் மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

“கோவம் வரத்தான் செய்யுது, பிள்ளை,” என்றார் அருள்நாயகி. “ஆனா அந்தச் சோதினை இல்லாட்டி எனக்கு இந்தப் பிரசர் வருத்தம் இருக்கெண்டே தெரிஞ்சிராது. இவையளுக்கும் பாக்கவேணும். இப்பிடி ஒரு வியாழன் வையுங்கோ. நான் கூட்டிக்கொண்டு வாறன்.”

மொனிகா கொப்பியை எடுத்து அங்கேயே கேட்கத் தொடங்கினாள்: எத்தனை மணிக்கு வெளிக்கிடுவீங்கள், எந்த ரயில், கடைசி ரயில் எப்ப? கிருசாந்தினி குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். மொனிகா ஒரு விஷயத்தை விட்டுவிட்டபோது மட்டும், “இரத்தத்தில சீனி பாக்கிறதெண்டா சாப்பிடாமல் வரவேணும். பின்னேரத்தில அது கஷ்டம்,” என்று சொன்னாள். மொனிகா நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழன் பின்னேரம் மண்டபத்துக்கு முப்பத்தொரு பேர் வந்தார்கள். கிருசாந்தினி வேலை முடிந்து வந்து சேர்ந்தபோது, மொனிகா டொக்டருக்கும் பெண்களுக்கும் நடுவில் இரண்டு மொழியிலும் கதைத்தபடி ஓடித்திரிந்தாள். வாசலில் இருந்து பெயர் பதிந்துகொண்டிருந்த அருள்நாயகி, “உள்ளுக்குப் போ பிள்ளை, தேத்தண்ணி இருக்கு,” என்றார்.

கிருசாந்தினி ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள். அன்று யாரும் அவளிடம் எதுவும் கேட்க வரவில்லை; கேட்கத் தேவையும் இருக்கவில்லை.