கயிறும் காக்கிச் சட்டையும்

எங்கள் வீட்டின் பின்வாசலிலிருந்து கிணறு வரை ஒரு கயிறு கட்டியிருந்தது. பார்த்தவர்கள் துணி காயப்போடும் கொடி என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அது இடுப்பு உயரத்தில் இருந்தது. மூன்று இடங்களில் முடிச்சுப் போட்டிருந்தது. முதல் முடிச்சு கையில் பட்டால் ஒரு படி இறங்க வேண்டும். இரண்டாவதில் வாய்க்காலைத் தாண்ட வேண்டும். மூன்றாவது வந்தால் கிணற்று மேடை. அதைக் கட்டியவர் என் அண்ணி. அவர் அதைக் கட்டியபோது என் அண்ணனுக்குக் கண் ஓரளவு தெரிந்துகொண்டுதான் இருந்தது.

மலாக்காவில் காஜா பேராங் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். நாடு சுதந்திரத்துக்குக் காத்திருந்த காலம் அது. அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோதே அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த அண்ணன்தான் என்னை டவுனுக்கு அழைத்து வந்து படிக்க வைத்தார். அவர் பஸ் டிரைவர். புக்கிட் ரம்பாய் வழியாக ஓடும் பஸ். ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில், பக்கவாட்டில் வந்த சைக்கிள்காரர் கண்ணில் படவே இல்லை. கண்டக்டர் கத்தியதும் கடைசி நொடியில் பிரேக்கை மிதித்ததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மறுநாள் அவரே கம்பெனிக்குப் போய், கண் தெளியும் வரை பஸ்ஸை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற ஆபரேஷன் செய்து பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். அதற்கும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் அண்ணி இரண்டு கடைகளில் நின்றார். ஒன்றில் டிரைவர் சட்டைக்குக் காக்கித் துணி வாங்கினார். அடுத்ததில் அந்தக் கயிற்றை வாங்கினார். ஒரே பையில் இரண்டையும் போட்டுக்கொண்டு, குழந்தையாக இருந்த மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு மத்தியானத்தில் குழந்தை தூங்கியதும், அண்ணி ஒரு துண்டால் அண்ணனின் கண்ணைக் கட்டிவிடுவார். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குப் போய் வர வேண்டும். தண்ணீர் இறைக்க வேண்டும். குவளையின் விளிம்பில் விரலை வைத்து, சிந்தாமல் ஊற்ற வேண்டும். முதலில் பச்சைத் தண்ணீர், பழகிய பிறகு வெந்நீர். ஊற்றும் சத்தம் மாறுவதை வைத்தே குவளை நிறைவதைத் தெரிந்துகொள்ளலாம் என்று இருவருமாகக் கண்டுபிடித்தார்கள். சாயங்காலம் அதே அண்ணி தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து காக்கிச் சட்டையைத் தைப்பார்.

இரண்டாவது வாரம் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. வாளி தடுக்கி விழப் பார்த்தவர், துண்டைப் பிடுங்கி எறிந்தார்.

"என்னைக் குருடனாக்கிப் பார்க்கணுமா உனக்கு?"

நானும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டேன். "நல்லது நடக்கணும்னு வேண்டிக்கிட்டு இருக்கிற நேரத்துல இதெல்லாம் எதுக்கு அண்ணி? அபசகுனமா இருக்கு."

அண்ணி வாளியை நிமிர்த்தி வைத்தார். "சட்டையும் தைச்சிக்கிட்டுதானே இருக்கேன் பாப்பா. பொத்தான் மட்டும்தான் பாக்கி." பிறகு அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: "பார்வை நிக்கும்னுதாங்க நானும் நினைக்கிறேன். நின்னுட்டா இந்தக் கயித்தை ஏத்திக் கட்டித் துணி காயப்போடுவேன். நிக்கலன்னா, குளிக்கப் போறதுக்கெல்லாம் நீங்க என்னைக் கூப்பிட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும். அது உங்களுக்கு ஆகாதுங்க."

அண்ணன் கிணற்று மேடையில் உட்கார்ந்தார். பிறகு கீழே கிடந்த துண்டை எடுத்து, தானே கண்ணைக் கட்டிக்கொண்டார்.

ஆபரேஷனுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் பண்டார் ஹிலிர் திடலில் அந்தப் பெரிய கூட்டம் நடந்தது. சுதந்திரம் என்றைக்கு என்று அன்று சொல்லப் போகிறார்கள் என்று ஊரே திரண்டது. அண்ணனும் கிளம்பினார். திடலுக்குள் நுழையும்போது அண்ணியின் தோளில் கையை வைத்து, "கண்ணை மூடிக்கிட்டே வர்றேன், நீ நட" என்றார். அந்த நெரிசலில் அவர் ஒருவர் மீதும் மோதவில்லை. மேடையில் தேதியைச் சொன்னதும் கூட்டம் முழங்கியது. அப்போது அண்ணன் கண்ணைத் திறந்தார். "இதை மட்டும் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, உயர்ந்திருந்த கைகளையும் தொப்பிகளையும் கொடிகளையும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணி மேடையைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷனுக்குப் பிறகு இடது கண் அடியோடு போய்விட்டது. வலது கண்ணில் மட்டும், குழாய் வழியாகப் பார்ப்பது போலக் கொஞ்சம் பார்வை தங்கியது. ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். மறுநாள் அண்ணி அலமாரியிலிருந்து காக்கிச் சட்டையை எடுத்து, தையலைப் பிரிக்க உட்கார்ந்தார். அன்றுதான் அவர் அழுது நான் பார்த்தேன். சத்தமே இல்லை, கத்தரிக்கோல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அதில் மகளுக்கு ஒரு பையும், அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கக் கைத்துணிகளும் தைத்தார்.

அடுத்த மாதமே சாலையோரத்தில் காலைப் பசியாறும் கடை ஒன்றைப் போட்டார்கள். அண்ணி தோசை சுட, அண்ணன் தேத்தண்ணீர் கலக்கினார். பக்கத்துக் கம்பத்துக் குடியிருப்பிலிருந்து, பல தலைமுறைக்கு முன்பே தமிழ் விட்டுப்போன செட்டிப் பெண்கள் தங்கள் மலாயில் பேசிக்கொண்டே வருவார்கள். குரலைக் கேட்டே யாருக்குச் சீனி குறைவு என்று அண்ணனுக்குத் தெரியும். நான் ஆசிரியர் பயிற்சி முடித்துத் தமிழ்ப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தது அந்தக் கடையால்தான். என் வாழ்க்கையில் நான் யாருக்காவது கைகூப்ப வேண்டுமென்றால் முதலில் அந்த இருவருக்கும்தான்.

வலது கண் ஏழு ஆண்டு தாக்குப்பிடித்தது. ஒருநாள் விடியலில் அண்ணன் வேட்டியைக் கட்டிக்கொண்டே, "அதுவும் போயிடுச்சு" என்றாராம்.

"இன்னைக்குக் கடை வேணாமா?" என்று அண்ணி கேட்டிருக்கிறார்.

"பால் காய்ச்சிட்டியா?" என்று கேட்டாராம் அண்ணன்.

அன்று காலை பள்ளிக்குப் போகும் வழியில் நானும் அந்தக் கடையில் தேத்தண்ணீர் குடித்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு சொட்டுகூட சிந்தியிருக்கவில்லை. சாயங்காலம் அண்ணி சொல்லித்தான் விஷயமே தெரிந்தது.

அண்ணன் காலமான பிறகு அண்ணி புக்கிட் காதில் என்ற ஊரில் மகளோடு இருந்தார். ஒருமுறை போயிருந்தபோது, பல வருடமாக மனத்தில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"கண்ணு நிக்கும்னு உண்மையிலேயே நம்புனீங்களா அண்ணி?"

அவர் பயற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தார். "பாதி நாள் நம்புனேன் பாப்பா. மீதி நாள் நம்பிக்கை வரல. வரலன்னு சும்மா உக்காந்திருக்க முடியுமா? அன்னிக்கும் வேலை இருந்துச்சே."

அவரை எல்லாவற்றையும் தெளிவாகத் திட்டமிட்டவர் என்று அதுவரை நினைத்திருந்தேன். இருபத்தைந்து வயதில் அவரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு என் மதிப்பில் அவர் இன்னும் உயர்ந்தார்.

அண்ணியும் இப்போது இல்லை. அடுத்த வாரம் என் கணவருக்கு இருதய ஆபரேஷன். அது முடிந்து வரும் தைப்பூசத்துக்குப் பத்துமலை போக இரண்டு பேருக்கும் இன்று காலை பஸ்ஸில் இடம் சொல்லி வைத்தேன். பிறகு அவர் எதிரில் உட்கார்ந்து, "வீட்டுப் பத்திரம் எங்க இருக்குன்னு காட்டுங்க. தண்ணி மோட்டார் எப்படிப் போடறதுன்னும் சொல்லிக் கொடுங்க" என்றேன். அவர் முகம் மாறியது.

பிறகு எழுந்து, "வா, மோட்டார்ல ஆரம்பிப்போம்" என்றார்.