லதீஃபா ஏஜண்டுக்கு ஊற்றிய சாயா

கோணி ஊசியைக் கிழிந்த மிளகுச் சாக்கில் குத்தி இழுத்தபடியே லதீஃபா ஊர் வம்பு முழுவதும் பேசுவாள். தையல் ஒருநாளும் கோணியதில்லை. மட்டாஞ்சேரியில் அவள் வீட்டுக்காரர் தாவூதின் கால் புண்ணுக்கு மருந்து கட்ட நர்ஸாக நான் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பெண். யாரிடமும் குரல் தாழ்த்தமாட்டாள்.

தாவூது சுக்கு வியாபாரத்துக்கு பேங்கில் கடன் வாங்கினார். மழையில் சுக்கு பூசணம் பிடித்தது. கடன் மட்டும் நன்றாக இருந்தது. ஜாமீன் போட்டவள் லதீஃபா. சாக்குத் தைத்த கூலியில் மாதாமாதம் கட்டிவந்தாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் அவளுக்குக் குறிச் சீட்டு விழுந்தது. அந்தச் சீட்டுப் பணம் ஒரு தையல் மெஷினில் பாதிக்குத்தான் வரும். மெஷின் இருந்தால் குப்பாயச் சட்டை தைக்கலாம், கூலி இரட்டிப்பாகும், கடனும் சீக்கிரம் தீரும். மீதி சேரும்வரை பணத்தை எங்கே வைப்பது? வீட்டில் வைத்தால் தாவூது மறுபடியும் சுக்கு வாங்கிவிடுவார்.

சேதி தெரிந்து அன்று மாலையே பேங்க் ஏஜண்டு வெங்கிடேஸ்வரன் வந்துவிட்டார். அந்தக் காலத்தில் மேனேஜரை ஏஜண்டு என்றுதான் சொல்வார்கள்.

"உம்மா, நம்ம பேங்கிலேயே கணக்குத் திறங்கோ. நல்ல வட்டி தரேன்."

"வட்டி ஹராம் சாமி. எனக்கு வேண்டாம்."

"அதனாலென்ன? வட்டி இல்லாமலே போடுங்கோ!" அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்போ கடனுக்கும் வட்டி வேண்டாம்தானே? ஹராம் ரெண்டு பக்கமும் ஹராம்தான்."

உள்ளே கட்டிலில் தாவூது சிரித்ததில் நான் கட்டிய கட்டு அவிழ்ந்தது. காலை அசைக்காதீர்கள் என்று அதட்டினேன்.

லதீஃபா சாயாவை நீட்டினாள். "குடிங்க சாமி. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் வச்ச பணத்தை நான் கேட்ட அன்னிக்கே தருவீங்களா?"

"தராம பின்னே?" என்றவர், தம்ளருக்குள் முணுமுணுத்தார்: "பழைய பாக்கி ஏதும் இல்லேன்னா..."

"இருந்தா?"

"பேங்க் அதில் பிடிச்சுக்கும். அதான் முறை."

"நல்ல முறை. எலிப்பொறிக்குள்ள நானே தேங்காய் வைக்கணும், நானே நுழையவும் செய்யணும்." ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு நூலை முறுக்கினாள். "சிஸ்டர், உங்க சம்பளத்தை எங்கே போடறீங்க?"

"தபாலாபீஸில்" என்றேன். "அங்கே உனக்குக் கடன் பாக்கி எதுவும் இல்லை. பேங்க் கடனுக்காக அவர்களாக உன் பணத்தில் கைவைக்கமாட்டார்கள்."

ஏஜண்டு சாயாவைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். மீதியை வீணாக்காமல் தாவூது குடித்தார், சர்க்கரை வியாதியோடு.

மறுநாள் காலை தபாலாபீஸில் என்னைச் சாட்சி நிறுத்திக் கணக்குத் திறந்து, குறிப் பணம் முழுவதையும் போட்டாள். அங்கிருந்து நேரே பேங்க். முந்தானை முடிச்சை அவிழ்த்து, கூலிக் காசில் அந்த மாதத் தவணையை ஏஜண்டின் மேசையில் வைத்தாள்.

"தபாலாபீஸும் வட்டி தருமே, உம்மா?" என்றார் அவர், விட்டுக்கொடுக்காமல்.

"தரட்டும் சாமி. அதை அப்படியே கொண்டுவந்து உங்க வட்டிக்குக் கட்டிடறேன். ஹராமெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும்."

ரசீதை வாங்கிக் குப்பாயத்துக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். எனக்கு ஒரு சாயா வாங்கித் தந்தாள். தவணை போக மீந்த, நிஜமாகவே அவள் காசில்.