இருட்டில் தெரிந்த ஈரம்

கொள்ளிடக் கரை உடைந்தால் முதலில் முழுகுவது கரையடித் தெரு. நாற்பத்திரண்டு வீடுகள். கிழக்கிலிருந்து மூன்றாவது வீடு செம்மொழியுடையது. மேட்டூர் நிரம்பி, ஆறு இரு கரையும் தொட்டு ஓடத் தொடங்கிய ஐந்தாம் நாள் மாலை, அவர் புதுக் கேமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு கரைமேல் ஏறினார்.

செம்மொழிக்கு முப்பத்தொரு வயது. கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் வடிவமைக்கும் வேலைக்குப் போனவர். ஒருநாள் படமெடுக்கும் ஆள் வராததால் ஒரு சடங்கு வீட்டுக்கு அவரையே அனுப்பினார்கள். வயதுக்கு வந்த பெண்ணை அப்படி நில், இப்படித் திரும்பு என்று ஓர் ஆண் சொல்வதைவிட ஓர் அக்கா சொல்வது அந்த வீட்டாருக்குப் பிடித்துப்போயிற்று. பிறகு பக்கத்து ஊர்கள், பிறகு கல்யாணங்கள். ஒன்பது ஆண்டுகளில் அவருக்கு இருந்த ஒரே எதிரி இருட்டு. விடியற்காலை முகூர்த்தம், வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல், தாலி கட்டும் நேரம் பார்த்து மின்வெட்டு. பழைய கேமரா இருட்டில் முகமெல்லாம் புள்ளி வைக்கும். வைகாசியில் ஒரு மணப்பெண் ஆல்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாள். "எனக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு" என்றாளாம்.

புதுக் கேமரா அதற்காகத்தான். குறை இருந்தால் ஏழு நாளுக்குள் மாற்றித் தருவதாகக் கடையில் சொல்லியிருந்தார்கள். நான்கு நாள் போய்விட்டது.

கரைமேல், ஆற்றின் மட்டம் பார்க்கும் கல்லருகே காவல் நடந்துகொண்டிருந்தது. வெள்ளக் காலத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் முறை வைத்துக் காவல் இருப்பது அந்தத் தெருவின் வழக்கம். அன்றைய முறைக்குத் தலைவர் மருதையன். செம்மொழிக்கு மாமா முறை.

"மாப்ள பொண்ணெல்லாம் கெடைக்கலன்னு ஆத்த புடிக்க வந்துட்டியாம்மா?"

"ஆறு ஆடாம அசையாம நிக்காது மாமா. நீங்க நில்லுங்க, உங்கள புடிக்கறேன்."

"அவர புடிச்சா உங்க கேமராவுக்குத்தான் கஷ்டம்க்கா" என்றான் கூடவே உட்கார்ந்திருந்த அண்ணாதுரை. "இருக்கற இருட்டு பத்தாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கக் காரணம் இருந்தது. மத்தியானத்திலிருந்து தண்ணீர் கல்லில் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது.

செம்மொழி நூறடி தள்ளிப்போய், ஆற்றுக்கு முதுகு காட்டி, ஊர்ப்பக்கம் பார்த்து முக்காலியை நிறுத்தினார். கேமராவைத் திணறடிக்க வேண்டியதெல்லாம் அங்கே இருந்தது. கரையின் அடியில் கருத்த வாழைக்கொல்லை, அதையொட்டி அவருடைய அப்பா ஐயாவுவின் நாற்றங்கால், தூரத்தில் தெருவிளக்கு, வெள்ளையடித்த குடிநீர்த் தொட்டி. வெளிச்சம் குறையக் குறைய ஐஎஸ்ஓ எண்ணை இரட்டிப்பாக்கி, அசையாத ஒரே காட்சியைப் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக ஐந்து படம் எடுப்பது அவர் திட்டம். எண் ஏற ஏறக் கேமரா இருட்டில் அதிகம் பார்க்கும்; புள்ளிகளும் அதிகமாகும். எந்த எண்ணில் முகம் கெடுகிறது என்று தெரிந்தால் போதும்.

முதல் படம் சுத்தமாக இருந்தது. இரண்டாவதில், வாழைக்குப் பக்கத்தில் நகக்கண் அளவு ஒரு வெளுப்பு. மூன்றாவதில் அது உள்ளங்கை அளவாயிற்று. கேமராவுக்குள் கறை என்று நினைத்தார். லென்ஸைத் துடைத்தார். நான்காவதில் அது ஒரு நாடாபோல் நீண்டிருந்தது. கேமரா போச்சு.

முக்காலியின் தலையைச் சற்று இடப்பக்கம் திருப்பிச் சும்மா ஒரு படம் எடுத்துப் பார்த்தார். கேமராவில் கறை என்றால் அது படத்தில் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். இது வாழையை விட்டு நகரவில்லை. கறை தரையில் இருந்தது. மேற்கு வானத்தில் மிச்சமிருந்த வெளிச்சத்தை எதுவோ அங்கே வாங்கித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

தண்ணீர்.

வாய்க்கால் மதகு அடைத்திருந்ததால் எட்டு நாளாக அதில் தண்ணீர் இல்லை. பக்கத்தில் போர்வெல்லும் இல்லை. முக்காலியைப் பழையபடி திருப்பி ஐந்தாவதை எடுத்தபோது வெறுங்கண்ணுக்கு அங்கே வெறும் கருப்புதான். திரையில் மட்டும் ஒரு மனிதர் இருந்தார். கரையின் அடியில் குனிந்து, மண்வெட்டியை ஓங்கிய நிலையில். முகமெல்லாம் புள்ளி. ஆனால் இடது தோள் இறங்கிய அந்த நிற்பை செம்மொழி பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறார்.

சரிவில் இறங்கி ஓடினார்.

"அப்பா! என்னப்பா பண்றீங்க?"

ஐயாவு நிமிர்ந்தார். காலடியில் தென்னங்கீற்றுகள் விலகிக் கிடந்தன. கரையின் அடிவாரத்தில் ஒரு கை நுழையும் அளவுக்குக் குடைந்த பொந்து. அதிலிருந்து தண்ணீர் ஒரு சின்னக் கோடாக நாற்றங்காலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"கத்தாத. மூணு நாளா கசியுது. நல்ல தண்ணி. தெனம் கொஞ்சமா தோண்டி விட்டேன்."

"கரையிலயாப்பா தோண்டுவாங்க?"

"நாத்து கருகுது. வாய்க்கால்ல ஒரு சொட்டு வரல. அந்தப் பக்கம் ஆறு முழுக்க கடலுக்குப் போவுது. நம்ம வயலுக்குத் தானா வர்றத வேணாம்னு சொல்லச் சொல்றியா?"

சம்பா நாற்று அது. வேறொருவர் நிலத்தில் கூலிக்கு நட்ட குடும்பத்தில், சொந்த மண்ணில் விதை விட்ட முதல் ஆள் ஐயாவு. தண்ணீர் வந்தால் மடை திறப்பார். எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பழக்கமில்லை. மேலே நடப்பவர்களின் டார்ச் எப்போதும் ஆற்றையே பார்த்ததால், கீற்றுக்கு அடியில் இருந்தது எவர் கண்ணிலும் படவில்லை.

"தண்ணி கலங்கலா வருதாப்பா?"

"காலைல தெளிவாத்தான் இருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப இருட்டு."

கரை கசிவது புதிதல்ல. தெளிந்த நீர் கசிந்தால் கரை வேர்க்கிறது என்று விட்டுவிடுவார்கள். கலங்கி வந்தால் உள்ளிருந்து மண் போகிறது என்று பொருள். படத்தில் தண்ணீர் பழுப்பாகத் தெரிந்தது. ஆனால் அந்த இருட்டில் கேமரா காட்டும் நிறத்தை நம்ப முடியாது. கல்யாண வீட்டில் மணப்பெண் முகத்துக்கு வெளிச்சம் திருப்பும் வெள்ளைத் துணித் தட்டு தோள்பையில் இருந்தது. அதை விரித்துத் தண்ணீரின் வழியில் வைத்து, செல்போன் விளக்கை அடித்தார். சில நொடிகளில் துணிமேல் மெல்லிய மணல் படிந்தது. துடைத்தார். மறுபடி படிந்தது, முன்னைவிடச் சீக்கிரம்.

ஐயாவு அதைப் பார்த்தார். கையிலிருந்த மண்வெட்டி இறங்கியது.

"மருதையன்கிட்ட ஊத்துன்னு சொல்லு. நான் வெட்டுனதச் சொல்லாதம்மா. இந்தத் தெருவுல எனக்கு ஒரு பேர் இருக்கு."

செம்மொழி மேலே ஏறி, கரையடியில் கசிவதை மருதையனிடம் சொன்னார்.

"கரை வேர்க்கும்மா" என்றார் மருதையன், எழுந்திருக்காமலே. "வருசா வருசம் வேர்க்குது. தண்ணிதான் இறங்கிடுச்சே."

"வேர்க்கல மாமா. மண்ணு வருது."

"உங்கப்பா வயலாண்டதானே? அவரு பாத்திருந்தா சொல்லியிருக்க மாட்டாரா?"

அங்கேதான் எல்லாம் நின்றது. அப்பாவின் வாயை நம்பித்தான் மருதையன் உட்கார்ந்திருந்தார். செம்மொழி கேமராவைத் திருப்பி நான்காவது படத்தைக் காட்டினார். பிறகு ஐந்தாவதை.

மருதையன் திரையை முகத்தருகே கொண்டுபோனார். "இது ஐயாவு இல்ல?"

"ஆமா மாமா. அப்பாதான் தோண்டி விட்டிருக்காங்க. மூணு நாளா."

மருதையன் எழுந்து துண்டை இடுப்பில் கட்டினார்.

"அண்ணாதுரை, தெருவுல ஒரு ஆள் இருக்கக் கூடாது. எல்லாரும் ரோட்டு மேல பள்ளிக்கூடத்துக்கு. மாட்ட அவுத்து விடச் சொல்லு. சாக்க எடுத்துக்கிட்டு மத்தவங்க கீழ வாங்க."

இறங்கியபோது பொந்து தலை நுழையும் அளவுக்கு ஆகியிருந்தது. உள்ளே மண் பொத்துப் பொத்தென்று விழும் சத்தம் கேட்டது. அடைக்கப் பார்த்தால் தண்ணீர் வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். சுற்றிலும் மூட்டை அடுக்கிக் கிணறுபோல் கட்டி, உள்ளே தண்ணீரை உயர விட்டு, அதன் பாரத்தாலேயே வரும் வேகத்தை அமுக்க வேண்டும். அதற்கு மண் வேண்டும். கரையிலிருந்து எடுக்க முடியாது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒரே மண் நாற்றங்கால்.

மருதையன் ஐயாவுவைப் பார்த்தார்.

ஐயாவு நாற்றுக்குள் இறங்கி முதல் வெட்டு வெட்டினார். விரல் நீள நாற்று வேரோடும் சேற்றோடும் சாக்குக்குள் போயிற்று. செம்மொழி சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டார். தெருவில் குழந்தைகள் அழுவதும், யாரோ ஒருவர் சாவி எங்கே என்று கத்துவதும் கேட்டன. எட்டு மணிக்குள் தெரு காலியாயிற்று. பத்து மணிக்கு நாற்றங்கால் பள்ளமாயிற்று. நடுச்சாமத்துக்குப் பிறகு மூட்டை வளையத்துக்குள் தண்ணீர் இடுப்பளவு ஏறி, அதற்குமேல் ஏறாமல் நின்றது.

விடிந்தபோது கரையும் நின்றிருந்தது. உள்ளே தண்ணீர் ஏறக்குறையத் தெளிந்திருந்தது. மட்டக்கல்லைப் பார்த்துவிட்டு வந்த அண்ணாதுரை, ராத்திரியில் நாலு விரற்கடை ஏறியிருக்கிறது என்றான். மேலே அணையில் திறப்பைக் கூட்டியிருக்கிறார்களாம். அந்தத் தண்ணீர் மறுநாள் இங்கே வரும்.

மருதையன் புதுக்காவல் பிரித்தார். கல்லுக்கு இரண்டு பேர், வளையத்துக்கு இரண்டு பேர்.

"வளையத்த நான் பாத்துக்கறேன் மருதையா" என்றார் ஐயாவு. சேறு முழங்காலுக்கு மேல் காய்ந்திருந்தது.

மருதையன் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நீ வேணாம். பள்ளிக்கூடத்துக்குப் போ."

ஐயாவு மகளைப் பார்த்தார். செம்மொழி இன்னொரு சாக்கை உதறிக்கொண்டிருந்தார், தலை நிமிராமல். ஐயாவு மண்வெட்டியை அங்கேயே வைத்துவிட்டு, கதவுகள் திறந்து கிடந்த தெரு வழியாகத் தனியாக நடந்தார்.