யூட்டை விளையாடச் சொன்னவன்

யூட்டை அன்றைக்குப் பனித்தளத்தில் இறக்கியவன் நான். மருத்துவர் அனுமதித்தார் என்று செய்தியில் வாசித்திருப்பீர்கள். எல்லாம் விதி என்று அவனுடைய அம்மா சொல்லக் கேட்டிருப்பீர்கள். நான் சொல்கிறேன்... இறக்கியவன் நான்!

மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. உங்களிடம் நான் ஏன் மன்னிப்புக் கேட்கவேண்டும்? ஜேர்மனியின் ஊன்ட்றொப் அம்பாள் கோவில் தேர்த் திருவிழாவில் "எங்கட பிள்ளை" என்று என் தோளில் கைபோட்டுப் படமெடுத்தவர்கள் நீங்கள். கொலோன் மண்டபத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தியவர்களும் நீங்கள்தான். அன்றைக்கு யூட் எங்கே என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா? ஆகவே, கேளுங்கள். கேட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

நானும் யூட்டும் ஒரே வயது. எங்கள் பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்து, ஒரே முகாமில் அடுத்தடுத்த அறைகளில் இருந்தவர்கள். யூட் வீட்டார் வேதக்காரர், கிறிஸ்தவர்கள்; நாங்கள் சைவம். எங்கள் இருவருக்கும் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி; பள்ளிக்குப் பின்புறம் பனித்தளம். சொல்வதெழுதுதலில் தெரிந்த சொல்லுக்கும் தெரியாதவர்களாய் விழித்தால், ஆசிரியை வெறுத்துப்போய்க் கடைசி வாங்கில் போய் இருக்கச் சொல்லிவிடுவார். அங்கிருந்து கதவு கிட்ட, நழுவிப் பனித்தளத்துக்கு ஓடிவிடுவோம். இப்படித்தான் நாங்கள் ஐஸ் ஹொக்கி பழகினோம்.

அந்த விழிக்கிற வித்தைதான் பிற்காலத்தில் அவனை விழுத்தியது.

சொல்கிறேன், பொறுங்கள். எங்கள் தொழிலில் ஒரு மூளைச் சோதனை உண்டு. பருவம் தொடங்குமுன், ஓகஸ்ட் மாதத்தில், ஒவ்வொரு வீரனையும் இருத்திச் சில சொற்களை வாசிப்பார்கள். சற்று நேரம் கழித்து அவற்றைத் திருப்பிச் சொல்லவேண்டும். திரையில் நிறம் மாறியவுடன் விசையை அழுத்தவேண்டும். ஒற்றைக்காலில் நிற்கவேண்டும். பின்னர் தலையில் அடிபட்டால் அதே சோதனை மறுபடியும். ஓகஸ்ட்டில் செய்த அளவுக்குச் செய்தால் விளையாடலாம். குறைந்தால் வீட்டில் படுத்திருக்கவேண்டும்.

விளங்குகிறதா? ஓகஸ்ட்டில் வேண்டுமென்றே மந்தமாகச் செய்துவைத்தால், தலை கலங்கிய நாளிலும் தேறிவிடலாம்!

உடைமாற்றும் அறையில் இது ஊரறிந்த இரகசியம். பாதிப் பேர் அப்படித்தான் செய்தோம். யூட்டுக்கு மட்டும் மனமில்லை. அவன் கெட்டிக்காரன், பிழைவிடுவதென்றால் அவனுக்குக் கூச்சம். நான் அப்போது அணியின் கப்டன். தமிழ்ப் பள்ளியை நினைத்துக்கொள் என்று அவனுடைய காதில் சொன்னேன். சிரித்தான். உள்ளே போய்ப் பாதிச் சொற்களை விட்டுவிட்டு வந்தான்.

அந்தப் பருவத்தின் கடைசியில், மேல்பிரிவுக்குத் தரமுயர்வதற்கான ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தபோது, ஒருவன் யூட்டைச் சுற்றுப் பலகையோடு சேர்த்து இடித்தான். தலை பலகையில் மோதியது. மறுநாள் சோதனை வைத்தார்கள். தேறினான்... தேறாமல் என்ன செய்வான்?

தீர்க்கிற ஆட்டத்துக்கு முன்னர் அவன் எனக்குப் பக்கத்தில் இருந்து சறுக்குக் காலணியைக் கட்டினான். விரல்கள் நாடாவைத் தேடின. இரண்டு முறை தவறவிட்டான். நான் கண்டேன். வேறு யாரும் காணவில்லை, நான் கண்டேன். மற்றவர்களுக்கு விளங்கக்கூடாதென்று தமிழில்தான் கேட்டான்.

"மச்சான், தலை ஒரு மாதிரிக் கிடக்குது. விளையாடட்டே?"

"டெஸ்ட் பாஸ்தானே. பிறகென்ன?"

இவ்வளவுதான் நாங்கள் பேசியது. என்னுடைய முழங்கால் அப்போதே போய்விட்டது; அதுதான் என் கடைசிப் பருவம். தரமுயர்ந்தால் அலுவலகத்தில் எனக்கொரு நாற்காலி இருக்கிறதென்று கழகத் தலைவர் சாடையாகச் சொல்லியிருந்தார். பின்வரிசையில் யூட் இல்லாவிட்டால் எங்களுக்கு வெற்றி இல்லை. இவையெல்லாம் என் மனதில் ஓடின. அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கப்டன் சொல்கிறான்.

இரண்டாவது அடி ஓர் அடியே அல்ல. வலைக்குப் பின்னால் ஒரு சாதாரணத் தோள் இடி, பயிற்சியில் நாளாந்தம் வாங்குவது. யூட் விழுந்தான். எழும்பவில்லை. மூளையில் இரத்தக் கசிவு என்று வைத்தியசாலையில் சொன்னார்கள். தலையைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார்கள்.

நாங்கள் வென்றோம். அதையும் எழுதிவிடுகிறேன். அவனைத் தூக்குக் கட்டிலில் கொண்டு போன பிறகும் ஆடி வென்றோம். நீங்களும் எழுந்து நின்று கைதட்டினீர்கள்.

என்னுடைய அம்மா ஊன்ட்றொப்புக்குப் போய் அம்பாளுக்கு அர்ச்சனை செய்தா, யூட்டுக்காக. ஐயர் நட்சத்திரம் கேட்டிருக்கிறார். வேதக்காரப் பிள்ளைக்கு நட்சத்திரத்துக்கு எங்கே போவது? இரண்டு பேரும் ஒன்றாக வளர்ந்தவர்கள்தானே என்று என்னுடையதைச் சொல்லிவிட்டு வந்துவிட்டா. அந்த அர்ச்சனையின் பலனும் எனக்கே வந்து சேர்ந்ததோ என்னவோ! கோடை முடியுமுன்னே நான் கழகத்தின் விளையாட்டுப் பணிப்பாளர் ஆகிவிட்டேன்.

இன்றைக்கும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறேன். நன்றாகவே வேலை செய்கிறேன்; அதை யாரும் மறுக்க ஏலாது. வீரர்களை வாங்குகிறேன், விற்கிறேன், முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறேன். ஓகஸ்ட் சோதனைக்கு வெளியிலிருந்து ஒரு வைத்தியரைக் கொண்டுவந்தேன். யாராவது மந்தமாகச் செய்தால் மறுநாள் திரும்பவும் இருத்துகிறேன். வீரர்கள் என்னைத் திட்டுகிறார்கள். தொலைநோக்குள்ள மனிதர் என்று ஒரு பத்திரிகைக்காரர் எழுதினார். எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பரிகாரம் தேடுகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த வித்தையை அறிந்தவன் அதைப் பிடிக்கிறான், அவ்வளவே.

யூட் இப்போது அம்மாவோடு இருக்கிறான். வெளிச்சம் ஆகாது, பகலிலும் திரைச்சீலை இழுத்துவிட்ட அறை. பழையவை எல்லாம் அவனுக்கு நினைவிருக்கின்றன: முகாம், ஆசிரியை, கடைசி வாங்கு. அந்தப் பருவமும் அதற்குப் பிறகு வந்தவையும்தான் இல்லை. புதிதாக எதைச் சொன்னாலும் இரண்டு நாள் தங்காது. நான் சனிக்கிழமைதோறும் போவேன். நான் டெஸ்ட் பாஸ்தானே, அம்மா சொன்னா, பிறகு ஏன் இப்படி ஆனது என்று ஒவ்வொரு முறையும் கேட்பான். நான் வேறு கதை எடுப்பேன்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, அவனுடைய அம்மா கடைக்குப் போயிருந்த நேரம், சொல்லிவிட்டேன். ஓகஸ்ட்டில் நான் காதில் சொன்னது, நாடா, அவன் கேட்டது, நான் சொன்னது, நாற்காலி... எல்லாம்! முடிந்ததும் என்னுடைய கையைப் பார்த்தான்.

"நீ கண்டனி," என்றான். "கண்டும் என்னை விட்டனி. இனிமேல் இந்த வீட்டுப் பக்கம் வராத."

நான் எழுந்து வந்துவிட்டேன். காரில் இருந்து அழுதேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் நெஞ்சில் ஒரு நிம்மதியும் இருந்தது. கேட்கவேண்டியவன் கேட்டுவிட்டான், சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டான். அடுத்த சனிக்கிழமை நான் போகவில்லை.

அன்றைக்குப் பின்னேரம் தொலைபேசி அடித்தது. யூட்.

"எங்க நிக்கிறாய் மச்சான்? அம்மா ரோல்ஸ் பொரிச்சு வைச்சிருக்கிறா. வரேல்லையே?"

நான் போனேன்.

என்ன செய்திருக்கவேண்டும் என்கிறீர்கள்? திரும்பவும் சொல்லியிருக்கவேண்டுமா? சனிக்கிழமைதோறும் அவனுடைய நெஞ்சைப் புதிதாக உடைத்து, திங்கட்கிழமை அவன் மறந்துபோக, மறுபடியும் போய் உடைப்பதா? அல்லது, சொல்லாதிருப்பது எனக்கு வசதி என்பதால் இப்படிக் கேட்கிறேனா? இரண்டும்தான். நான் இரண்டையும் ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் எதை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளுங்கள்!

போன கிழமை கதவு வரைக்கும் வந்து வழியனுப்பும்போது அவனுடைய அம்மா என்னுடைய கையைப் பிடித்துக்கொண்டா.

"தம்பி, எல்லாரும் விட்டிட்டினம். நீர் ஒராள்தான் விடாமல் வாறீர்."

ஓம் அன்ரி என்றேன்.

வராதே என்று அவன் என்னிடம் சொன்னான். தெளிவான புத்தியோடு, எல்லாவற்றையும் கேட்டபிறகு சொன்னான். அதை அவன் மறந்துவிட்டான். அவனுடைய அம்மாவுக்கு அது தெரியவே தெரியாது. அந்தச் சொல்லை நினைவில் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான், மீறுகிறவனும் நான்தான்.

நாளைக்குச் சனிக்கிழமை. போவேன்.