க்ளூனோவரில் ஓர் எழுத்து ஒளிந்திருந்தது

டீலியா டார்ப்பி சைக்கிளை நிறுத்தி இறங்கி நான் பார்த்ததே இல்லை. ஓடுகிற சைக்கிளிலிருந்து குதிப்பாள். அது தன் பாட்டுக்குப் போய் என் கடைச் சுவரில் இடித்து நிற்கும். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஒரு நாற்சந்தியில் நான் கடை வைத்திருந்தேன். கடையின் ஒரு மூலைதான் எங்கள் பக்கத்துத் தபால் நிலையம். முத்திரை குத்துவது நான். மேடும் சதுப்பும் ஏறி இறங்கிக் கடிதங்களைச் சேர்ப்பது டீலியா. 1976இல் அவளுக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை, ஆகவில்லையே என்ற கவலையும் இல்லை. அவள் குரல் இரண்டு குன்று தாண்டிக் கேட்கும்.

அவள் சுற்றிலேயே சிக்கலான இடம் க்ளூனோவர். பதினோரு வீடு, இருநூறு ஏக்கர். வீட்டுக்கு எண் கிடையாது, தெரு கிடையாது. "பாட் டர்கன், க்ளூனோவர்" என்று மட்டும் உறையில் எழுதியிருக்கும். பாட் டர்கன் என்று அங்கே மூன்று பேர். கையெழுத்து இடப்பக்கம் சாய்ந்திருந்தால் பாஸ்டனில் இருக்கும் தங்கை எழுதியது, மேட்டு வீட்டு பாட் டர்கனுக்கு. அரசாங்க உறை என்றால் நடுவீட்டுக்காரருக்கு. லேசாக வாசனை அடித்தால் மூன்றாமவருக்கு. அது யார் எழுதுவது என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

பகலில் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். தந்தி வந்தால் எந்த வயலில் நிற்கிறார் என்று தேடித்தான் கொடுக்க வேண்டும். அப்படித்தான் அவளுக்கு வயல்களின் பெயர் எல்லாம் பாடமானது. ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும், ஒவ்வொரு சந்துக்கும் ஒரு பெயர். எல்லாம் பழைய ஐரிஷ். க்ளூனோவரில் ஐரிஷ் பேச்சு நின்று மூன்று தலைமுறை ஆகிவிட்டது. பெயர்கள் மட்டும் அர்த்தம் கழன்று வாயில் தங்கிவிட்டன. டீலியா அவற்றைப் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கம் எழுதி வைப்பாள். பள்ளியில் படித்த ஐரிஷ் அவளிடம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒரு பெயருக்குப் பொருள் பிடிபட்டால் கடைக்குள் ஓடி வந்து கத்துவாள். நான் முட்டைத் தட்டைக் கீழே போடாமல் இருந்தால் அன்று புண்ணியம்.

க்ளூனோவருக்கு மட்டும் யாரும் பொருள் தேட வேண்டியதில்லை என்று நினைத்திருந்தோம். பள்ளித் தலைமை ஆசிரியர் கேனிஸ் ரௌலி மூன்று ஊர் வரலாற்றையும் விரல் நுனியில் வைத்திருந்தவர். "க்ளூன் என்றால் புல்வெளி, ஓவர் என்றால் பழுப்பு. பழுப்புப் புல்வெளி" என்று நாற்பது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார். ஊர் முனையில் அவரே ஒரு பலகையில் அப்படி எழுதி நட்டும் வைத்திருந்தார்.

அந்த ஜூலையில் ஊரே பழுப்பாகத்தான் கிடந்தது. மேயோவில் மழை இல்லை என்று சொன்னால் சிரிப்பார்கள். அந்த வருடம் யாரும் சிரிக்கவில்லை. ஊர்க் கிணறு வற்றியது. ஓடை வற்றியது. கைப்பம்பை அடித்தால் இருமல் சத்தம் மட்டும் வந்தது. கீழ்ப்பக்க நிலம் முழுக்க ஃபெஸ்டஸ் டர்கனுடையது. ஐம்பத்தைந்து வயது, முப்பது மாடு. நாலு மைல் தள்ளியிருந்த ஏரியிலிருந்து பால் கேன்களில் தண்ணீர் மொண்டு டிராக்டரில் கொண்டுவருவார். பாதி வழியிலேயே சிந்திவிடும். மாடுகள் கதறுவது என் கடைவரை கேட்டது. வருகிற திங்கட்கிழமை எல்லாவற்றையும் சந்தைக்கு ஓட்டிவிடுவது என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

அந்த வாரம் வியாழக்கிழமை நடமாடும் நூலக வண்டி வந்தது. டீலியா அதிலிருந்து ஒரு பெரிய ஐரிஷ் அகராதியை எடுத்துக்கொண்டு வந்து என் கல்லாவின் மேல் தொம்மென்று போட்டாள். நான் தேநீர் ஊற்றினேன்.

"பெக், ஃபெஸ்டஸோட நிலத்துல ஒரு சந்து இருக்கே, முகேட் சந்து. முகேட்னா என்னடி?"

"யாரோ குடிகாரன் பேருன்னு ஃபெஸ்டஸ் சொல்வாரே. அங்கதான் விழுந்து கெடப்பானாம்."

"அந்த மனுஷன் சொல்றதெல்லாம் ஒரு பேச்சா? அப்படி ஒரு குடிகாரனே இல்லடி. புகேட். வாளி! சேர்த்துச் சொல்றப்போ முதல் எழுத்தை முழுங்கிடுவாங்க, முகேட்னு ஆயிடும். வாளிங்களோட சந்து. அது எங்க போய் முடியுது?"

"கீழ் வயல்ல."

"அந்த வயல் பேருக்கு அர்த்தம் கல்பாளத்து வயல். அங்க ஒரு கல்பாளம்கூடக் கிடையாது. கிணறும் கிடையாது, ஓடையும் கிடையாது. வாளியைத் தூக்கிக்கிட்டு அங்க எதுக்குப் போனாங்க, புல்லு மொள்ளவா?"

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். தேநீர்க் கோப்பை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. பிறகு கோப்பையை வைத்துவிட்டு அகராதியைப் புரட்டினாள், பைத்தியம் பிடித்தவள் மாதிரி.

"இங்க ஒரு எழுத்தை முழுங்கினாங்கன்னா ஊர்ப் பேர்ல மட்டும் சும்மா விட்டிருப்பாங்களா? ஓவர், ஓவர்... முன்னாடி எது இருந்திருக்கும்? ஃப! ஐரிஷ்ல ஃப சத்தமே இல்லாமப் போயிடும்டி. ஃபோவர்! ஃபோவர்னு ஒரு சொல்லு இருக்கா பாரு... இருக்கு! இயேசு மரி சூசையே, இருக்கு!"

"என்ன போட்டிருக்கு, சொல்லித் தொலை."

"ஊற்று! பெக், பழுப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. ஊற்றுப் புல்வெளி! இருநூறு வருஷமா நம்ம ஊர்ப் பேரே தண்ணி இருக்கு தண்ணி இருக்குன்னு கத்திக்கிட்டிருக்கு!"

நான் அகராதியை எட்டிப் பார்க்கக் குனிந்தேன். அவள் அதற்குள் வெளியே ஓடிவிட்டாள். நான் கடையைப் பூட்டாமலே பின்னால் ஓடினேன்.

ஃபெஸ்டஸ் டிராக்டரின் கீழே படுத்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். டீலியா சொல்லச் சொல்ல அவர் கால்கள் மட்டும் அசையாமல் கேட்டன.

"எங்கப்பா அந்த வயல்ல அறுபது வருஷம் உழுதாரு. ஒரு சொட்டுத் தண்ணி பாக்கல" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"உங்கப்பா தேடலையே! வருஷம் பூரா மழை பெய்யுற ஊர்ல எவன் தண்ணியத் தேடுவான்?"

"டீலியா, தபால் இருந்தாக் குடு, இல்லன்னா ஸ்பேனரை எடுத்துக் குடு."

அவள் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஒரு மணி நேரம். உங்க வயலைக் குத்திப் பாக்க விடுங்க. ஒண்ணும் வரலன்னா கிறிஸ்துமஸ் வரைக்கும் உங்க சாணத்தை நானே அள்ளுறேன்."

கால்கள் கொஞ்சம் யோசித்தன. "பெக் சாட்சி" என்றார்.

நாங்கள் யாருக்கும் சொல்லும் முன்பே செய்தி தலைமை ஆசிரியர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. சனிக்கிழமை மாலை ரௌலி மாஸ்டர் கோட்டும் டையுமாகக் கடைக்கு வந்தார். "டீலியா, எழுத்து முழுங்குவது உண்மைதான். ஆனால் அரசாங்க வரைபடத்தில் அப்படி இல்லை" என்றார்.

"வரைபடம் எழுதினவங்க காதுல விழுந்ததை எழுதினாங்க, மாஸ்டர். காதுல விழாத எழுத்தை எப்படி எழுதுவாங்க?"

அவர் ஒரு பொட்டலம் புகையிலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டி எடுக்கலாமா என்று பூசை முடிந்து பங்குச் சாமியாரைக் கேட்டோம். "மாடு தாகத்துல கெடக்கு, நீங்க என்கிட்ட வந்து சட்டம் பேசுறீங்களா?" என்று அவரும் அங்கியைக் கழற்றிவிட்டு எங்களோடு வந்தார். பதினோரு வீடும் வந்தது. மூன்று பாட் டர்கன்களும் வந்தார்கள். யாரோ ஒரு கூடை ரொட்டியும் பன்றி இறைச்சியும் கொண்டுவந்திருந்தார்கள், திருவிழாவுக்கு வந்த மாதிரி.

வேலி ஓரத்தில் கோரை கொஞ்சம் பச்சையாக நின்றது. அங்கே இரும்புக் கம்பியை இறக்கினார்கள். ஓரடி ஆழத்தில் டங்கென்று கல் தட்டியது. ஆரவாரம்! தோண்டினால், அது வெறும் உருண்டைப் பாறை. கீழே காய்ந்த களிமண். மேட்டு வீட்டுப் பாட் சிரித்தார். "சாணம் அள்ள நல்ல முள்கரண்டி வாங்கிக்கோ, டீலியா!" எல்லோரும் சிரித்தார்கள். டீலியாவுக்கு முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது.

ஆனால் அவள் நகரவில்லை. வயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முகேட் சந்தையே பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று அதில் ஏறிப்போனாள், மேலே இடிந்து கிடக்கும் பழைய வீடுகள்வரைக்கும். அங்கிருந்து திரும்பி, இரண்டு கையிலும் வாளி தூக்கியவள் மாதிரி கைகளை விரித்துக்கொண்டு இறங்கி வந்தாள். ஊரே பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. வேலி இடைவெளியில் நுழைந்து, சந்து எந்தத் திசையில் அவளைத் தள்ளியதோ அந்தத் திசையிலேயே வயலுக்குள் நடந்து, பச்சையே இல்லாத ஒரு மொட்டை இடத்தில் நின்றாள்.

"தண்ணி தூக்குறவ எவளும் வளைஞ்சு நடக்க மாட்டா" என்றாள். "இங்க."

ஃபெஸ்டஸ் கம்பியை வாங்கித் தானே இறக்கினார். மூன்றடியில் தட்டியது. பக்கத்தில் இறக்கினார், தட்டியது. இன்னும் ஓரடி தள்ளி, அங்கேயும் தட்டியது. "தட்டையா இருக்கு" என்றார். அவர் குரல் மாறிப்போயிருந்தது.

அதற்குப் பிறகு யார் எந்த மண்வெட்டியைப் பிடித்தோம் என்று தெரியாது. நானும் தோண்டினேன், சாமியாரும் தோண்டினார். அரைமணியில் ஒரு கதவளவு கல்பாளம் தெரிந்தது. விளிம்பெல்லாம் உளி பட்ட தடம். டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்தோம். சங்கிலி இறுகியது, கல் முனகியது, அப்புறம் ஒரேயடியாகப் புரண்டது.

கீழே கல் அடுக்கிய ஒரு குழி. காலி. ஈரமான சேறு மட்டும்.

 பாட் மூன்று பேரும் தொப்பியை எடுத்துவிட்டார்கள், சாவு வீட்டுக்கு வந்ததுபோல. டீலியா மட்டும் குப்புறப் படுத்துத் தலையைக் குழிக்குள் விட்டாள்.

"பேசாதீங்க" என்றாள். "எல்லாரும் பேசாதீங்க."

அப்போதுதான் எனக்கும் கேட்டது. சின்னதாக, பூனை பால் நக்குவது மாதிரி. சேற்றின் நடுவில் ஒரு கண் திறந்தது. அதில் ஒரு குமிழி. இன்னொன்று. பல வருடம் அடைத்திருந்த களிமண் கரைந்து ஒதுங்க, தண்ணீர் கலங்கலாக மேலே வந்தது. கால் மணியில் முழங்கால் அளவு, மதியத்துக்குள் இடுப்பளவு, பிறகு விளிம்பு தாண்டி வயலில் ஓடியது. ஃபெஸ்டஸ் கையை உள்ளே விட்டார். "ஐஸ் மாதிரி இருக்குடி!" என்று கத்தினார். பெரிய மனுஷன் அழுதார், வெட்கமே இல்லாமல். மாடுகளை யாரும் ஓட்டிவரவில்லை. வாசனை பிடித்து அவையே வேலியை முறித்துக்கொண்டு வந்தன. ரொட்டிக் கூடை நசுங்கிப்போனது. யாருக்குக் கவலை?

அந்த ஊற்றை யார் மூடினார்கள், ஏன் மூடினார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை. 1840களின் பஞ்சத்தில் காய்ச்சல் பரவியபோது, தண்ணீரால் வருகிறது என்று பயந்து மூடியிருக்கலாம் என்று சாமியார் சொன்னார். திங்கட்கிழமை சந்தைக்கு ஒரு மாடும் போகவில்லை. மழை வர இன்னும் ஆறு வாரம் ஆனது. அதுவரை பதினோரு வீடும் அந்தக் குழியில்தான் மொண்டது.

செவ்வாய்க்கிழமை ரௌலி மாஸ்டர் பெயிண்ட் டப்பாவோடு போய்த் தன் பலகையைத் தானே அழித்து எழுதினார். டீலியா சைக்கிளில் வந்தபோது அவர் தூரிகையை நீட்டினார். "அந்த எழுத்தை நீ போடு. நாற்பது வருஷம் தப்பாச் சொல்லியிருக்கேன், டீலியா. இனிமே வர்ற பிள்ளைங்களுக்காவது சரியாச் சொல்வேன்." அவள் தபால் பையைப் புல்லில் போட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு அந்த 'ஃப'வை எழுதினாள். மற்ற எழுத்துகளைவிட அது பெரிதாகவே விழுந்தது.

அதற்குப் பிறகு பக்கத்து ஊர்க்காரர்கள் அவளை விடவில்லை. "எங்க வயல் பேருக்கு என்ன அர்த்தம்?" என்று கடிதம் வாங்கும்போதே கேட்பார்கள். சுற்று முடிக்க இரண்டு மணி நேரம் கூடுதலானது. நான் அதைத் தபால் இலாகா மேலதிகாரிகளுக்கு எழுதிப் போடவில்லை. அவள் ஓய்வு பெற்றபோது நாலாயிரத்துச் சொச்சம் பெயர் சேர்ந்திருந்தது. டப்ளினிலிருந்து படித்தவர்கள் வந்து நகல் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இப்போது அவளுக்கு எண்பது தாண்டிவிட்டது. போன வெள்ளிக்கிழமை காலை நான் பல்கூடத் துலக்கவில்லை, தொலைபேசி அடித்தது.

"பெக், வண்டிய எடு. மலைக்குப் பின்னாடி ஒரு வயலாம், அதுக்கு ரெண்டு பேரு சொல்றாங்க, அண்ணன் ஒண்ணு, தம்பி ஒண்ணு. ரெண்டு பேரும் அடிச்சுக்கிறதுக்குள்ள போகணும்!"

"சாப்பிட்டுட்டு வரேன்டி."

"வழியில சாப்பிடலாம்!" என்று வைத்துவிட்டாள்.